இறக்கத்தில் பிடித்தவர்கள்

என்னுடைய சிங்கிள் கெப்புக்குப் பின்னால் மூடிய பெட்டி ட்ரெய்லர் ஒன்று ஓடுகிறது. இரண்டு சில்லு, தகர அடைப்பு, பின்பக்கம் இரட்டைக் கதவு. கல்யாணம், திருவிழா, மரண வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் கதிரை, பந்தல் துணி, அண்டா, ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்தான் போகும். பதுளைப் பக்கத்தில் இப்படி ஒன்றை அதிகம் காண முடியாது. எண்ணெய் அடிக்க நிறுத்தினால் நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, இந்தச் சின்ன வண்டி இதை இழுக்குமா?"

இழுக்கும். முதல் கியரில் போட்டால் முக்கி முனகி மேலே போய்விடும். முடியாவிட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். மேட்டில் நின்றுபோன வண்டி யாரையும் கொன்றதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இறங்கும்போது பிடிக்குமா? தோட்டத்து டிரக்டரும் கொழுந்து லொறியும் ஓட்டி ஓய்ந்தவன் நான். எங்கள் பக்கத்துச் சரக்கு வண்டிகளின் சரித்திரத்தை எழுதினவர்களைக் கொஞ்சம் வாசித்தும் இருக்கிறேன். அவர்கள் எழுதுவதெல்லாம் ஏற்றம்தான். எந்தத் துரை எந்த மலையில் ரோட்டுப் போட்டார், எந்த வருடம் கோச்சி எந்த உயரத்துக்கு ஏறியது, இப்படி. ஏறின சரக்கை இறக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கு ஒரு வரி கிடையாது. ஆனால் ஊவாவிலிருந்து வெளியே போன கோப்பியும் தேயிலையும் எந்த வழியில் போனாலும் கடைசியில் இறங்கித்தான் கடலுக்குப் போயிருக்கின்றன.

சில்லு வருவதற்கு முன்னால் இந்த மலைக்குள் சரக்கு வந்தது மாட்டு முதுகில். தவளம் என்பார்கள். ஒரு மாட்டுக்கு இரண்டு பக்கமும் மூட்டை, கழுத்தில் மணி, ஒன்றன் பின் ஒன்றாக வரிசை. அம்பாந்தோட்டை உப்பளங்களிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வரும், பாக்கும் தானியமும் கீழே போகும். ஓட்டினவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கண்டி ராசாக்கள் இதற்கென்றே மடிகே என்று ஒரு துறையை வைத்திருந்தார்கள். பொதி மாடுகளும் அவற்றை ஓட்டுகிறவர்களும் அதன் கீழ். இன்றைக்கு ஒரு போக்குவரத்துச் சபை இருப்பதைப் போல அன்றைக்கும் ஒன்று இருந்திருக்கிறது, பேப்பர் வேலை கொஞ்சம் குறைவாக.

அந்தத் துறையில் நடந்த ஒரு நியமனத்தின் மேல் ஊவாவே பற்றி எரிந்தது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து, வெல்லஸ்ஸப் பகுதி மடிகேவுக்கு ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாகப் போட்டார்கள். தங்கள் கையில் இருந்த அதிகாரம் போகிறதே என்று கண்டிப் பிரதானிகளுக்குக் கோபம். கண்டிச் சிம்மாசனத்துக்கு உரிமை கோரி ஒருவர் காட்டில் கிளம்பியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, விசாரிக்கப் போன பதுளை அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் 1817 செப்டெம்பரில் அம்பு பட்டுச் செத்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த ஊவா வெல்லஸ்ஸ கலகம். காரணங்கள் பல உண்டு, உப்பு மூட்டை சுமந்த மாட்டின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனாலும் யார் சரக்கை ஓட்டுவது என்பது இந்த மாகாணத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. 1818இல் கலகத்தை அடக்கியபோது வயல்களையும் வீடுகளையும் எரித்தார்கள், மாடுகளை அழித்தார்கள். தவள மாடுகள் மட்டும் தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தவளத்துக்கு ஒரு நன்மை உண்டு. அதற்குப் பிரேக் வேண்டாம். மாட்டுக்கு நாலு கால், நாலும் பிடிக்கும். சரிவில் அது தானாகவே காலைப் பார்த்து வைக்கும். சில்லு வந்த நாளில்தான் இறக்கம் என்பது ஒரு தொல்லையானது.

சில்லுக்கு ரோட்டு வேண்டும். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸைப் பற்றி யானை சுட்ட கதைதான் எல்லோருக்கும் தெரியும். ஆயிரத்துக்கு மேல் சுட்டார் என்று பேர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். பதுளையில் இருக்கும் சென் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டினது. யானைக்காரர் இந்தப் பக்கத்து ரோட்டு வேலையையும் பார்த்திருக்கிறார். 1848இல் வந்த ரோட்டுச் சட்டப்படி வளர்ந்த ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் ரோட்டில் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். கோப்பித் தோட்டங்கள் வேகமாக முளைத்த காலம் அது. கோப்பிக்கு ரோட்டு தேவைப்பட்டது, ரோட்டுக்கு ஊர்க்காரன் முதுகு தேவைப்பட்டது.

அந்த ரோட்டில் வந்ததுதான் இரட்டை மாட்டு வண்டி. இரண்டு பெரிய சில்லு, மேலே கிடுகால் வேய்ந்த வளைந்த கூரை. முன்னும் பின்னும் கிடுகுத் தட்டியோ சாக்கோ தொங்கும். என் ட்ரெய்லரைப் பார்த்து அதிசயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, இந்தச் சாமான் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே இதே ரோட்டில் ஓடினது என்று. மூடின பெட்டி, இரண்டு சில்லு, ஒரு அச்சு, முன்னால் இழுக்கிறதோடு ஒரே இடத்தில் பிணைப்பு. அன்றைக்கு இழுத்தது மாடு, இன்றைக்கு டீசல். கணக்கு ஒன்றே.

எந்தக் கணக்கு என்றால், முன்பாரம் பின்பாரம் கணக்கு. வண்டியில் சரக்கை முன்னால் கூடுதலாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடுதலாக ஏற்றினால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். நல்ல வண்டிக்காரன் மூட்டையை ஏற்றிவிட்டு ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பான். கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும், அதுவும் கொஞ்சம்தான். இன்றைக்கு ட்ரெய்லர் விற்கிறவர்கள் தரும் புத்தகத்திலும் இதுதான் எழுதியிருக்கிறது. மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை கொக்கியின் மேல் உட்கார வேண்டுமாம். அதற்குக் குறைந்து பாரம் பின்னால் போனால், வேகம் கூடக் கூட ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். மாடு மூச்சுத் திணறிச் சொன்னதைக் கெப் ஸ்டியரிங்கை ஆட்டிச் சொல்கிறது.

இந்தக் கணக்கு சம தரைக்கு. இறக்கத்தில் பாரம் எல்லாம் முன்னால் சரியும். இரண்டு மாடும் அதைக் கழுத்தால் தாங்கிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இறங்க வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும்? தாத்தா காலத்து வண்டிக்காரர்கள் ஒரு பெரிய மரக்கட்டையைப் பின்னால் கட்டி இழுபட விடுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சில்லைச் சங்கிலியால் பூட்டி உருளாமல் சறுக்க விடுவதும் உண்டாம். வண்டியோடு ஒரு பையன் நடந்து வருவான். அவன் கையில் ஒரு கல். வண்டி நின்றால் கல்லைச் சில்லுக்கு அடியில் வைக்க வேண்டும், கிளம்பினால் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். வண்டிக்காரனுக்குச் சம்பளம், மாட்டுக்குப் புண்ணாக்கு. கல் வைத்த பையனுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது தாத்தா சொன்ன கதைகளிலும் இல்லை.

அப்புத்தளை வழியாகக் கோப்பி எப்படிப் போனது என்று பார்த்தால் விளங்கும். பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர். அங்கேயிருந்து புறப்பட்ட வண்டி பண்டாரவளை வழியாக 1,400 மீற்றருக்கு மேல் இருக்கும் அப்புத்தளைக்கு ஏற வேண்டும். மலை அங்கே வாள் முனை மாதிரி. ஏறி முடித்த இடத்திலேயே இறக்கம் தொடங்கும். ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி வரைக்கும் இறக்கம். இரத்தினபுரியில் மூட்டைகளைப் படகில் மாற்றிக் களுகங்கை வழியாகக் களுத்துறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும் வண்டியில் அரிசி. ஏனென்றால் தோட்டத்து ஆட்களுக்கு அரிசி வெளியிலிருந்துதான் வந்தது, அதுவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. மழையில் ரோட்டு உடைந்தாலோ மாட்டுக்கு வியாதி வந்தாலோ கோப்பி ஸ்டோரில் கிடந்து கெடும். அரிசி வராமல் லயத்தில் அடுப்பு எரியாது. துரைமார் ஊவாவுக்கு ரயில் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கத்தினதைப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். அவர்கள் கணக்குப் பார்த்தது கோப்பியின் வண்டிக்கூலியை.

ரயில் வரும்வரை கோப்பி பொறுக்கவில்லை. 1869இல் மடூல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் தெரிந்தது. இலங்கையில் கோப்பியை அழித்த இலைத்துரு நோயை முதன்முதலில் கண்டது எங்கள் பக்கத்தில்தான். பதினைந்து இருபது வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் சிங்கோனா வந்து போய், தேயிலை நின்றது.

தேயிலை வந்ததும் மூடின பெட்டிக்கு மவுசு கூடியது. கோப்பிக் கொட்டை கொஞ்சம் நனைந்தாலும் காயவைக்கலாம். காய்ந்த தேயிலைத் தூளுக்கு ஈரமும் ஆகாது, வாசமும் ஆகாது. பக்கத்தில் மண்ணெண்ணெய் டின் இருந்தால் மண்ணெண்ணெய் வாசத்தை வாங்கிக்கொள்ளும். கருவாடு இருந்தால் அதையும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எடுக்கும் ஊவாத் தேயிலைக்குத்தான் உலகத்தில் பேர். அந்த வாசத்தைக் கருவாட்டோடு சேர்த்து லண்டனுக்கு அனுப்ப முடியுமா? அதனால் உள்ளே ஈயத்தாள், பிற்பாடு அலுமினியத்தாள் போட்டு, விளிம்பில் தகரப்பட்டி அடித்த பலகைப் பெட்டி வந்தது. லொறிக்காரன் தேயிலை ஏற்றும் நாளில் வேறு எதையும் கூட ஏற்றக்கூடாது. தட்டைக் கூட்டித் துடைத்துக் காட்ட வேண்டும். டீமேக்கர் வந்து குனிந்து மோந்து பார்ப்பார். நான் லொறி ஓட்டின காலத்திலும் இது இருந்தது.

தோட்டத்துக்குள் சரக்கை இறக்க வேறொரு வழியும் கண்டுபிடித்தார்கள். 1890இல் டம்பதென்னைத் தோட்டத்தை வாங்கின தோமஸ் லிப்டன் பேரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். மலை உச்சியிலிருந்து ஸ்டோர் வரைக்கும் கம்பி இழுத்து, கொழுந்துச் சாக்கைக் கொளுவி விடுவது. சாக்கு தானாகவே சறுக்கி வந்து சேரும். இறக்கத்தோடு சண்டை போடாமல் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டது ஊவாவில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நல்ல மூளை.

ரயிலுக்கு வருவோம். 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அங்கே நின்றுவிட்டது. பதுளைக்குக் கோச்சி வர 1924 ஆயிற்று. பண்டாரவளையிலிருந்து பதுளை ரோட்டு வழியாக முப்பது கிலோமீற்றர் அளவுதான். அதைக் கடக்க ரயிலுக்கு முப்பது வருடம். நடுவில் ஒரு உலக யுத்தம் வந்தது என்பது ஒரு காரணம். யுத்தத்தால் இரும்பு கிடைக்காமல் எல்லப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டி முடித்தார்கள் என்று சொல்வார்கள். பாலம் இன்றைக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் போட்டோ எடுக்கும் இடம். இன்னொரு காரணம் இறக்கம். பட்டிப்பொல ஸ்டேஷன் 6,226 அடியில். அதைத் தாண்டினால் பதுளை வரைக்கும் ரயில் இறங்கத்தான் வேண்டும். மலைநாட்டு ரயில் பாதையில் சரிவு 44 அடிக்கு ஒரு அடிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தார்கள். ஏன் என்று ஒரு டிரைவராக நான் சொல்கிறேன். பத்துக்கு ஒன்று சரிவான ரோட்டில் ஒரு தொன் பாரம் நம்மை நூறு கிலோ பலத்தோடு முன்னால் தள்ளும். 44க்கு ஒன்று சரிவில் அதே தொன் தள்ளுவது 23 கிலோவுக்குள். ரோட்டில் ரப்பர் டயர் பிடிக்கும். தண்டவாளத்தில் இரும்பு மேல் இரும்பு. அதிலும் எங்கள் மலையில் பாதி நாள் மூடுபனி. ஈரத் தண்டவாளத்தில் சில்லு பிடிக்க எஞ்சின்காரன் மணல் கொட்டிக்கொண்டே போவான்.

தெமோதரை வளையமே இதற்காகத்தான். மலை செங்குத்தாக இறங்குகிறது, ரயில் அப்படி இறங்க முடியாது. ஆகவே பாதையை நீட்டினார்கள். ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் போகிறது. எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் ஆட்களிடம் வேறு கதை. எப்படி இறக்குவது என்று எஞ்சினியர் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாராம். துணி சுற்றி வந்து தனக்கு அடியிலேயே போனதைப் பார்த்து எஞ்சினியருக்கு யோசனை வந்ததாம். நடந்திருக்குமோ என்னவோ. கங்காணிமாரைப் பற்றி நல்ல கதைகள் குறைவு, அதனால் இதை நான் கெடுக்க விரும்பவில்லை.

ரயிலிடமிருந்து நான் மெச்சுகிற விஷயம் வளையம் அல்ல, அதன் பிரேக். வெற்றிடப் பிரேக் என்பார்கள். ரயிலின் நீளத்துக்கும் ஒரு குழாய். அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிரேக் விடும். குழாய் எங்கே அறுந்தாலும், பெட்டி கழன்று போனாலும் காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாக இறுகும். அதாவது பிடிப்பதுதான் அதன் இயல்பு, ஓடுவதற்குத்தான் பாடுபட வேண்டும். ரோட்டில் ஓடுகிற சின்ன வண்டிகளில் இது தலைகீழ். மிதித்தால்தான் பிடிக்கும், மறந்தால் ஓடும்.

கோச்சி வந்த பிறகும் தோட்டத்திலிருந்து ஸ்டேஷன் வரை மாட்டு வண்டிதான். பிறகு லொறி வந்தது. வந்த வேகத்தில் வண்டி மாட்டை மட்டும் விழுங்கவில்லை, ரயிலின் சரக்கிலும் கை வைத்தது. அப்பா அந்தக் காலத்து லொறியில் கிளீனர். கிளீனர் என்றால் லொறி கழுவுகிறவன் என்று நினைக்கிறார்கள். கழுவுவது மிச்ச நேரத்தில். அவன் வேலை கட்டை போடுவது. பின் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு காலைத் தொங்கப் போட்டு நிற்பான். கையில் கயிறு கட்டின ஆப்புக்கட்டை. முடக்கில் டிரைவர் கியர் மாற்றும்போது வண்டி ஒரு கணம் பின்னால் வரும். அந்தக் கணத்துக்குள் குதித்துக் கட்டையைச் சில்லுக்குப் பின்னால் போட வேண்டும். லொறி கிளம்பினதும் கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்து, ஓடி ஏற வேண்டும். பாரம் ஏற்றின பெட்ஃபர்ட் லொறி பசறை ரோட்டில் ஏறினால் முடக்குக்கு முடக்கு இதுதான் வேலை. இறக்கத்தில் பிரேக் சூடேறி மணக்கத் தொடங்கினால் "அண்ணே, மணக்குது" என்று சத்தம் போடுவதும் கிளீனர்தான். அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. கட்டை போட்டதில் வந்தது.

அந்த லொறியில் தேயிலையைத் தவிர வேறு ஒரு சரக்கும் போயிருக்கிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். பாஸ்போர்ட் வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய தேயிலைப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்து, தோட்டத்து லொறியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தலைமன்னாருக்கு ஆட்களைக் கொண்டுபோன கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர் விழுந்தது. லொறி தோட்டத்து வாசலில் இருந்து இறங்கும்போது அழுகை தொடங்கிவிடும் என்று அப்பா சொல்வார். டிரைவர் அந்த நாளில் ரொம்ப மெதுவாக இறங்குவாராம். பாரம் ஒன்றும் பெரிதில்லை.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின. ஜனவசம என்றும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றும் பெயர்ப் பலகை மாறியது. பழைய லொறிகள் உதிரிச் சாமான் இல்லாமல் ஒவ்வொன்றாகப் படுத்தன. அந்தக் காலத்தில்தான் நான் டிரக்டரில் ஏறினேன். பின்னால் ட்ரெய்லர். கொழுந்து, உரம், விறகு, வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு விதை, பெரட்டுக்கு நிற்கும் ஆட்கள், சுகமில்லாதவர்கள், எல்லாம் அதில்தான். டிரக்டர் வயலுக்குச் செய்த மெஷின். பெரிய பின் சில்லு இரண்டிலும்தான் அதற்குப் பிரேக். பின்னால் வருகிற ட்ரெய்லருக்கு அனேகமாக ஒன்றும் இருக்காது. இறக்கத்தில் நாம் மிதித்தால் டிரக்டர் நிற்கப் பார்க்கும், ட்ரெய்லர் நிற்க மாட்டேன் என்று முதுகில் தள்ளும். நேராகத் தள்ளினால் பரவாயில்லை. முடக்கில் சாய்வாகத் தள்ளினால் டிரக்டரின் பின்பகுதி வெளிப்பக்கம் போகும், இரண்டும் கத்தி மடங்கின மாதிரி மடங்கிவிடும். தோட்ட ரோட்டில் அப்படி மடங்கி பள்ளத்தில் கிடந்த ட்ரெய்லர்களை எண்ண என்னால் முடியாது. டிரைவர் கவனமில்லை என்று அறிக்கை எழுதுவார்கள். ட்ரெய்லருக்குப் பிரேக் இல்லை என்று எழுதின அறிக்கையை நான் பார்த்ததில்லை.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் கேட்டது லேண்ட்மாஸ்டர். இரண்டு சில்லுக் கை டிரக்டர். இதை வடிவமைத்தவர் நம் நாட்டுக்காரர், ரே விஜேவர்தன. 1950களில் அவர் செய்த அமைப்பை இங்கிலாந்தில் தயாரித்து பல நாட்டுக்கு அனுப்பினார்கள். வயதான காலத்தில் அவரே எருமையை ஒதுக்கிவிட்டு மெஷினை இறக்கினது சரிதானா என்று கேள்வி கேட்டார். தான் செய்த சாமானைத் தானே சந்தேகப்பட்ட எஞ்சினியர் அபூர்வம், எனக்கு அவர் மேல் மரியாதை. லேண்ட்மாஸ்டரும் அதற்குப் பின் வந்த ஜப்பான், சீன மெஷின்களும் வயலைவிட ரோட்டில்தான் அதிகம் ஓடின. பின்னால் ஒரு ட்ரெய்லர், அதன் முன் பலகையில் ஓட்டுகிறவன். கைப்பிடியில் இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று என்று இரண்டு கிளச். இடது கிளச்சைப் பிடித்தால் இடது சில்லுக்குப் பலம் அறுந்து வண்டி இடப்பக்கம் திரும்பும். சம தரையில், ஏற்றத்தில் அப்படி. இறக்கத்தில் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டு வரும்போது எஞ்சின் இழுப்பதில்லை, பிடித்துக்கொண்டு வருகிறது. அப்போது இடது கிளச்சைப் பிடித்தால் இடது சில்லு விடுபட்டு ஓடும், வலது சில்லு பிடிபட்டு நிற்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். பள்ளம் வலப்பக்கம் இருந்தால் கதை முடிந்தது. பொலன்னறுவையிலும் அம்பாறையிலும் ஓட்டிப் பழகின பையன்கள் பதுளைக்கு வந்து மாட்டினது இதில்தான். எங்கள் பையன்களுக்குச் சரிவைப் பார்த்தாலே கை தானாக மாறும்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, ஜப்பான் கெப்கள் வந்தன. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. தேயிலைப் பெட்டி போய்க் கடதாசி மூட்டை வந்தது. 2005இல் இந்தியாவில் டாட்டா ஏஸ் வெளிவந்தது, இங்கே அதற்கு டிமோ பட்டா என்று பெயர். இரண்டு சிலிண்டர், 16 குதிரைவலு, முக்கால் தொன் பாரம். வெலிமடையில் மரக்கறி போடுகிறவர்களுக்கு அது தெய்வம். பட்டா வந்த பிறகு ட்ரெய்லர் யாருக்கும் தேவைப்படவில்லை. சரக்கு வண்டியின் முதுகிலேயே இருக்கும், தள்ளாது, மடங்காது, முடக்கில் பின்னால் எடுக்கலாம். கிளீனரும் தேவையில்லை. ஒருவனே ஓட்டி, ஒருவனே ஏற்றி, ஒருவனே இறக்குகிறான். கட்டை போட ஆள் இல்லாத முதல் தலைமுறை இது.

அப்படியிருக்க நான் ஏன் ட்ரெய்லர் வைத்திருக்கிறேன் என்றால், கதிரையும் அண்டாவும் பாரம் குறைவு, இடம் அதிகம். அதோடு கல்யாண வீட்டில் ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு கெப்பை வேறு வேலைக்கு எடுக்கலாம். ஆனால் இறக்கத்துக்கு நான் பார்க்கிற கணக்கு இது. கெப்பும் ட்ரெய்லரும் சாமானும் சேர்த்து இரண்டு தொன். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு உயரத்தில் ஏறக்குறைய 550 மீற்றர் இறக்கம். அந்த இறக்கத்தின் பலம் முழுவதையும் பிரேக் மட்டுமே வாங்கினால், வருகிற சூடு முப்பது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நாலு சில்லுப் பிரேக்குக்குள் ஒரு கல்யாண அண்டாவின் கொதி. அதனால் ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். மலையில் ஓட்டுகிறவன் எல்லோரும் சொல்கிற சட்டம் இது, எஞ்சின் பிடிக்கட்டும், காலை ஓய வை. என் ட்ரெய்லருக்கு இடிப்பிரேக் பூட்டியிருக்கிறேன். ட்ரெய்லர் முன்னால் வந்து கொக்கியைத் தள்ளினால் அந்தத் தள்ளலே அதன் பிரேக்கை இழுக்கும். கொக்கி கழன்றால் இழுபட்டுப் பிரேக்கைப் பூட்டிவிட ஒரு மெல்லிய கம்பி வேறு. ரயிலிடம் படித்தது.

ஹாலிஎலையில் வெல்டிங் போடுகிற பையனிடம் அந்தக் கம்பி வைக்கச் சொன்னபோது, "இதெல்லாம் யார் அண்ணே கேக்குறா, பொலிஸ் கூடப் பாக்க மாட்டாங்க" என்றான். வைக்க வைத்தேன்.

ஆப்புக்கட்டை இரண்டும் வைத்திருக்கிறேன். டர்பன்டைன் மரத்தில் செய்தால் வெயிலில் வெடிக்கும். பலா நல்லது, ஆனால் எடை போதாது, சில்லு தள்ளினால் நகரும். முதிர்ந்த தேயிலை மரத்து அடி கல் மாதிரி இருக்கும், ஆனால் கோணல், ஆப்பாகச் சீவ முடியாது. கடைசியில் எனக்குச் சரிப்பட்டது ரயில் பாதையில் கழித்துப் போட்ட பழைய சிலிப்பர் கட்டை. கனம் இருக்கிறது, எண்ணெய் குடித்த மரம் என்பதால் மழைக்கு ஊறாது. தண்டவாள ஆணி இறங்கின ஓட்டையும் தயாராக இருக்கிறது. கயிற்றை அதில் கோர்த்துக்கொள்ளலாம், தனியாகத் துளை போடத் தேவையில்லை.